‘க்ளீவ்’ என்ற ஆங்கில வினைச்சொல்: பிளப்பதா, பற்றிக்கொள்வதா? – முழுமையான வழிகாட்டி

பழைய ஆங்கிலக் கவிதையிலோ நாடகத்திலோ ‘க்ளீவ்’ என்ற வினைச்சொல்லைப் பார்த்துவிட்டு அகராதியைப் புரட்டினால் குழப்பம்தான் கூடும். பிளத்தல், இரண்டாக வெட்டுதல் என்று ஒரு பொருள் இருக்கும். அதற்குக் கீழேயே ஒட்டிக்கொள்ளுதல், விடாமல் பற்றியிருத்தல் என்று இன்னொரு பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள்கள் ஒரே சொல்லுக்குள் எப்படி இருக்க முடியும்?

1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இந்தக் குழப்பத்தை அப்படியே பார்க்கலாம். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்காக விறகு பிளக்கிறான். அங்கே வரும் சொல் ‘க்ளேவ்’, அதாவது க்ளீவ் என்பதன் பழைய இறந்தகால வடிவம். ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டுப் போய்விட, ரூத் மட்டும் அவளை விடாமல் பற்றிக்கொள்கிறாள். அங்கேயும் அதே ‘க்ளேவ்’. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, காலமும் ஒன்று. ஆனால் முதலாவது கோடரியின் வேலை, இரண்டாவது கைகளின் வேலை.

அடுத்த முறை இந்தச் சொல் கண்ணில் பட்டால் அகராதியைத் தேடாமலே பொருள் பிடிக்கவும், அதைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் இந்த வழிகாட்டி உதவும்.

முதல் படி: இவை இரண்டு சொற்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

ஒரே சொல் காலப்போக்கில் பொருள் திரிந்து எதிர்ப்பொருளுக்குப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி வினைகள் இருந்தன. பிளப்பதற்கு ‘க்ளேயோஃபன்’, ஒட்டிக்கொள்வதற்கு ‘க்ளிஃபியன்’. இடைக்கால ஆங்கிலத்தில் விகுதிகள் தேய்ந்து உயிரொலிகள் மாறியபோது இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து விழுந்தன.

பக்கத்து மொழியான ஜெர்மனில் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே ஒட்டுவதற்கு ‘க்ளேபன்’ என்ற சொல் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. பிளப்பதற்கான ‘க்ளீபன்’ பொதுவழக்கில் மங்கிவிட்டாலும், பவேரியா, ஆஸ்திரியா பக்கம் விறகு பிளப்பதைச் சொல்ல இன்னும் வருகிறது. அக்காளும் தங்கையும் அங்கே வேறு வேறு பெயரோடு இருக்கிறார்கள். ஆங்கிலத்தில்தான் இருவருக்கும் ஒரே பெயர்.

இன்னும் பின்னோக்கிப் போனால் உறவினர்களும் வேறு வேறு. பிளத்தல் பொருள் கொண்ட சொல்லுக்கு கிரேக்கத்தில் ‘செதுக்கு’ என்று பொருள்படும் வினை உறவு. எகிப்தியச் சித்திர எழுத்தைக் குறிக்கும் ‘ஹைரோக்ளிஃப்’ என்ற பெயரின் பின்பாதி அதிலிருந்து வந்தது. ஒட்டுதல் பொருள் கொண்ட சொல்லுக்கோ களிமண்ணும் பசையும் உறவு: ஆங்கிலத்தின் ‘க்ளே’, ‘க்ளூ’ இரண்டும் அந்தக் குடும்பம்.

நம் சமையலறையிலும் இதன் ஒரு கிளை இருக்கிறது. பூண்டுப் பல்லை ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’ என்பார்கள். பிளந்து பிரியும் பல் என்பதால் அது பிளத்தல் குடும்பம்தான். ஆனால் கிராம்புக்கும் ‘க்ளோவ்’ என்றே பெயர். அது ஆணி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, பூண்டோடு சம்பந்தமில்லாதது. பிரியாணிக் குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வரும்போது புதிதாகச் சமைக்க வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாம் படி: வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்

பத்தில் ஒன்பது இடங்களில் இலக்கணமே பொருளைச் சொல்லிவிடும். க்ளீவ் என்பதற்கு அடுத்து ‘டு’ அல்லது பழைய நடையில் ‘அன்டு’ வந்தால் ஒட்டுதல். நேரடியாக ஒரு செயப்படுபொருள் வந்தால் பிளத்தல். மரத்தை, பாறையை, மண்டையை என்று இரண்டாம் வேற்றுமையில் நாம் சொல்லக்கூடிய எதுவும் அங்கே நின்றால் அது பிளவு. மண்ணோடு, மனைவியோடு, நம்பிக்கையோடு என்று மூன்றாம் வேற்றுமை தேவைப்பட்டால் அது பற்று. தமிழ் வேற்றுமையை வைத்தே சோதித்துப் பார்ப்பது நமக்கு எளிது.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ‘த்ரூ’ வந்தால் ஊடறுத்துப் போவது என்று பொருள்: கப்பல் அலையைப் பிளந்துகொண்டு போகிறது, பறவை காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. இன்னொன்று, செயப்படுபொருள் இல்லாமலும் பிளவு வரலாம். சகரியா 14-ஆம் அதிகாரத்தில் ஒலிவமலை தன் நடுவிலே ‘க்ளீவ்’ ஆகும் என்று வருகிறது. யாரும் பிளக்கவில்லை, மலை தானாகப் பிளந்துபோகிறது. ‘டு’ இல்லை, செயப்படுபொருளும் இல்லை என்றால் எழுவாயைப் பாருங்கள். மலை, மரம், நிலம் போன்ற கெட்டியான ஒன்று எழுவாயாக இருந்தால் பிளவு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: இறந்தகால வடிவங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

மாணவர்கள் அதிகம் திணறும் இடம் இது. பிளத்தல் வினைக்கு இறந்தகாலத்தில் க்ளேவ், க்ளோவ், க்ளெஃப்ட், க்ளீவ்ட் என்று நான்கு வடிவங்கள் வழங்கின. எச்சமாக வரும்போது க்ளோவன், க்ளெஃப்ட், க்ளீவ்ட். ஒட்டுதல் வினை முதலில் ஒழுங்கான வினை. அதற்கு க்ளீவ்ட் போதும். ஆனால் இரண்டும் ஒரே வடிவமானபின் அதுவும் பக்கத்து வீட்டுக்காரரின் ‘க்ளேவ்’வைக் கடன் வாங்கிக்கொண்டது. ரூத்துக்கு ‘க்ளேவ்’ வந்தது அப்படித்தான். அதே பைபிளில் யோபு 29-ல் பிரபுக்களின் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது என்னும் இடத்தில் ‘க்ளீவ்ட்’ என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களே இரண்டையும் கலந்துதான் எழுதினார்கள்.

க்ளெஃப்ட், க்ளோவன் என்று கண்டால் யோசிக்கவே வேண்டாம், பிளவுதான். இந்த இரண்டு வடிவங்களும் ஒட்டுதல் பக்கம் போவதில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் எந்த வடிவம் எங்கே என்பது உறைந்துபோய்விட்டது. பிளந்த உதடு, பிளந்த அண்ணம் என்ற பிறவிக் குறைகளுக்கு ‘க்ளெஃப்ட்’. ஆடு, மாடுகளின் பிளவுபட்ட குளம்புக்கு ‘க்ளோவன்’. ஐரோப்பிய மரபில் சாத்தானுக்கும் அந்தக் குளம்புதான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் காதுக்கு உறுத்தும். உயிரியல் பாடத்தில் நொதி ஒரு புரதத்தைத் துண்டிக்கும்போது ‘க்ளீவ்ட்’. இன்று இந்த வினை உயிரோடு, நாள்தோறும் புழங்கும் இடம் கவிதை இல்லை, ஆய்வுக்கூடம்தான். கருமுட்டை கருவுற்றபின் நடக்கும் முதல் செல்பிரிவுகளுக்கும் ‘க்ளீவேஜ்’ என்றே பெயர்.

கனிமவியலிலும் அதே சொல். அபிரகம் ஏடு ஏடாக உரிவது ஒரே திசையில் அமைந்த சீரான பிளவால். வைரத்துக்கு அத்தகைய திசைகள் நான்கு. 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் பிளந்தபோது செய்ததும் இதுதான்: கல்லில் சிறு பள்ளம் கீறி, அதில் எஃகுத் தகட்டை வைத்து அடிப்பது. திசை தவறினால் கல் சிதறிவிடும். ‘க்ளீவ்’ என்பதற்கும் ‘கட்’ என்பதற்கும் உள்ள நுட்பமான வேறுபாடு இங்கே தெளிவாகும். வெறும் வெட்டு எந்தத் திசையிலும் போகலாம். க்ளீவ் என்பது பொருளின் உள்ளேயே இருக்கும் இழையோட்டத்தை, விறகின் ரேகையை, கல்லின் தளத்தைப் பின்பற்றிப் பிளப்பது. நல்ல எழுத்தாளர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே சொல்லைத் தேர்கிறார்கள்.

நான்காம் படி: பிளவு உருவகமாகும்போது எது பிளக்கிறது என்று கேளுங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம், மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. தாய் கெர்ட்ரூடின் அறையில் மகன் அவளை வார்த்தைகளால் வதைக்கிறான். தாங்க முடியாமல் அவள் சொல்கிறாள்: ஹாம்லெட், என் நெஞ்சை இரண்டாகப் பிளந்துவிட்டாயே. மூலத்தில் ‘க்ளெஃப்ட்’, கூடவே ‘இன் ட்வெய்ன்’, அதாவது இரண்டாக.

துயரத்தில் நெஞ்சு பிளந்தது என்பது எந்த மொழியிலும் வரக்கூடிய பேச்சுதான். காட்சியை உயர்த்துவது மகனின் அடுத்த வரி. அப்படியானால் கெட்ட பாதியைத் தூக்கி எறிந்துவிடு, மற்றப் பாதியோடு தூய்மையாக வாழ் என்கிறான். தாய் புலம்பலாகச் சொன்னதை அவன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறான். பிளந்துவிட்டது என்றால் இரண்டு துண்டு இருக்க வேண்டுமே. இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லையே. இங்கே ‘உடைந்தது’ என்ற சொல் வந்திருந்தால் இந்தப் பதில் பிறந்திருக்காது. உடைந்தது சில்லுகளாகச் சிதறும். பிளந்ததுதான் இரண்டு பாதியாக நிற்கும். இந்த ஒரு பரிமாற்றத்தை மட்டும் பொறுமையாகப் படித்தாலே க்ளீவ் என்ற வினையின் உள்கட்டு விளங்கிவிடும்.

அதே நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஹாம்லெட் ஒரு நடிகனைப் பற்றிப் பேசுகிறான். தனக்கிருக்கும் துயரம் அவனுக்கு இருந்தால் மேடையையே கண்ணீரில் மூழ்கடித்து, பயங்கரப் பேச்சால் அவையோர் காதைப் பிளந்துவிடுவான் என்கிறான். இது நமக்குச் சற்றும் அந்நியமாகத் தோன்றாது. காதைப் பிளக்கும் சத்தம், மண்டையைப் பிளக்கும் வெயில் என்று நாமே சொல்கிறோம்.

‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் ஏரியல் என்னும் ஆவியைச் சூனியக்காரி சிக்கோராக்ஸ் பிளந்த பைன் மரத்துக்குள் 12 ஆண்டுகள் அடைத்து வைத்த கதை வருகிறது. அங்கே சொல் ‘க்ளோவன்’. பிளவு இங்கே அழிவும் காயமும் இல்லை; சிறையாகும் இடைவெளி. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. 1776-ல் வெளியான டாப்லேடியின் ஆங்கிலக் கீர்த்தனையில் பாறை ‘க்ளெஃப்ட்’ ஆவது பாவி ஒளிந்துகொள்ள இடம் தருவதற்காக. தமிழ்த் தேவாலயங்களில் ‘பிளவுண்ட மலையே, புகலிடம் ஈயுமே’ என்று பாடுவது அந்தப் பாடலைத்தான். ‘பிளந்த’ என்று சொல்லாமல் ‘பிளவுண்ட’ என்று போட்டவர் தமிழ் நன்றாக அறிந்தவர். மலை பாவியின் பொருட்டுப் பிளவை ஏற்றுக்கொண்டது என்ற உணர்வு அந்த ‘உண்’ என்ற துணைவினையில் வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: பற்று என்றால் எந்த வகைப் பற்று?

ஒட்டுதல் பொருளில் இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் கனம் முழுக்க பைபிள் தந்தது. ஆதியாகமம் 2:24-ல் ஆண் தன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இணைவது, உபாகமத்தில் மக்கள் கடவுளைப் பற்றிக்கொள்வது, ரூத் மாமியார் நகோமியை விடாதிருப்பது என எல்லா இடங்களிலும் எபிரேய மூலத்தில் ‘தாபக்’ என்ற ஒரே வினை. இன்றைய எபிரேயத்தில் பசைக்கு ‘தெவெக்’ என்று பெயர், அதே வேர். பிளப்பதற்கு எபிரேயத்தில் முற்றிலும் வேறு சொல், ‘பாகா’. மூலத்தில் மோதாத இரண்டு சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்ததும் ஒரே வடிவத்தில் நின்றுவிட்டன.

க்ளீவ் என்றால் அன்போடு சேர்ந்திருப்பது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் 137-ஆம் சங்கீதத்தில், எருசலேமை நான் நினையாமல் போனால் என் நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்வதாக என்று தங்களுக்குத் தாங்களே சாபமிட்டுக்கொள்கிறார்கள். பாடகனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது? 119-ஆம் சங்கீதத்தில் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் 5-ல் பேராசைப்பட்ட கேயாசியை நாகமானின் குஷ்டம் ‘க்ளீவ்’ செய்யும் என்று எலிசா தீர்க்கதரிசி சொல்கிறார். காதலும் இதே சொல், நோயும் இதே சொல். பிடித்தால் விடாது என்பதுதான் பொதுவான உள்ளுணர்வு.

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ முதல் அங்கத்தில் பாங்கோ இதை உடைக்குப் பயன்படுத்துகிறான். புதுப் பட்டம் கிடைத்த திகைப்பில் மேக்பெத் தனக்குள் ஆழ்ந்து நிற்கிறான். அதைக் கண்டு பாங்கோ, புது மரியாதைகள் புதுத் துணி மாதிரி, உடுத்திப் பழகினால்தான் உடம்போடு படியும் என்கிறான். அங்கே ‘க்ளீவ்’ என்பது துணி உடலின் வடிவத்தோடு படிவது. அந்தப் பட்டம் கடைசிவரை மேக்பெத்துக்குப் படியவே இல்லை என்று நாடகத்தை முழுக்கப் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் செய்ததையும் கவனிக்க வேண்டும். ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் எட்டாம் காண்டத்தில் ஆதாம் ஏவாளைக் கண்டதும் அதே ஆதியாகம வசனத்தைச் சொல்கிறான். எல்லாரும் அறிந்த ‘க்ளீவ்’ அங்கே இல்லை. அதற்குப் பதில் லத்தீன் வழி வந்த ‘அட்ஹியர்’ இருக்கிறது. பிரிவுக்குக் கொஞ்சமும் இடம் தராத சொல்லை அந்த இடத்தில் அவர் வைத்தார் என்றே நான் படிக்கிறேன்.

ஆறாம் படி: இரண்டு பொருளும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களைக் கண்டுபிடியுங்கள்

தேர்ந்த வாசிப்பு தேவைப்படும் இடம் இது. ஒரு பொருளை மேலே வைத்து, இன்னொன்றை நிழலாக விடும் எழுத்தாளர்கள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் வாழ்ந்த எமிலி டிக்கின்சன் (1830–1886) எழுதிய எட்டு வரிக் கவிதை ஒன்று இதற்கு மிகச் சிறந்த உதாரணம். அதன் சாரம் தமிழில்:

என் மனத்தில் ஒரு பிளவை உணர்ந்தேன்,
மூளையே வெடித்துப் பிரிந்ததுபோல்.
தையல் தையலாய்ப் பொருத்திப் பார்த்தேன்,
பொருந்தவே இல்லை.

முதல் வரியில் இருக்கும் சொல் ‘க்ளீவிங்’. இரண்டாம் வரி வந்து, இது பிளவுதான் என்று உறுதி செய்யும்வரை, முதல் வரி எதையோ பற்றிக்கொள்ளும் மனமாகவும் இருக்கலாம். அந்தப் பற்றுப் பொருள் அதோடு தொலைந்துவிடுவதில்லை. மூன்றாம் வரியில் தையலாக எழுகிறது. அடுத்த பாதியில், பின்னிருந்த எண்ணத்தை முன்னிருந்த எண்ணத்தோடு சேர்க்கப் பாடுபட்டேன் என்கிறார்; அந்த ‘ஓடு’வுக்கு அவர் போடுவது பழைய பைபிள் நடையின் ‘அன்டு’. க்ளீவுடன் வழக்கமாகச் சேர்ந்து வரும் அதே ‘அன்டு’ இங்கே வேறு வினையோடு வந்து நிற்கிறது. பிளந்ததை ஒட்ட முயலும் மனத்தின் தவிப்பு சொற்களின் இடமாற்றத்திலேயே தெரிகிறது.

கடைசியில் எண்ணங்களின் வரிசை நூல்கண்டு தரையில் உருண்டு அவிழ்வதுபோல் அவிழ்ந்துபோகிறது. அங்கே வரும் வினை ‘ரேவல்’. அதுவும் இரட்டைப் பொருள் கொண்டது: சிக்கலாக்குதல், சிக்கலை அவிழ்த்தல். எட்டே வரியில் தனக்குத்தானே எதிராக நிற்கும் இரண்டு வினைகள். மனம் தன்னோடு தானே ஒட்டாமல் போவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொற்கள் ஆங்கிலத்தில் எனக்குத் தென்படவில்லை.

இப்படிப்பட்ட இடத்தைக் கண்டுகொள்ள ஒரு வழி: க்ளீவ் வந்த வரிக்குப் பக்கத்தில் எதிர்ப்பொருளைச் சேர்ந்த சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பிளவுக்கு அருகில் தையல், முடிச்சு, பசை. பற்றுக்கு அருகில் வாள், விரிசல், காயம். இருந்தால் எழுதியவர் தெரிந்தேதான் போட்டிருக்கிறார். இல்லாத இடத்தில் இரட்டைப் பொருளை வலிந்து ஏற்ற வேண்டாம். விறகு பிளக்கும் ஆபிரகாமிடம் போய்ப் பற்றைத் தேடுவது வீண் வேலை.

ஏழாம் படி: தமிழில் எந்தச் சொல்?

பிளவுப் பக்கம் நமக்குச் சிரமமில்லை. பிள, பிளந்துபோ, வகிர், போழ் என்று வரிசையாக இருக்கின்றன. வாளும் அம்பும் வரும் பழைய நடைக்கு ‘போழ்’ பொருந்தும். நீளவாக்கில் கூரான கருவியால் என்றால் ‘வகிர்’. காற்றையும் அலையையும் ‘கிழித்துக்கொண்டு’ என்பதே இயல்பு. அறிவியல் கட்டுரையில் நொதி புரதத்தைப் ‘பிளக்கிறது’ என்றால் போதும்.

பற்றுப் பக்கம்தான் ஆளையும் இடத்தையும் பார்த்து மாற்ற வேண்டியிருக்கிறது. தமிழ் பைபிளின் பழைய மொழிபெயர்ப்பு இதைக் கவனமாகச் செய்திருக்கிறது. கணவன் மனைவிக்கு ‘இசைந்திருப்பான்’. ரூத்துக்கு ‘விடாமல் பற்றிக்கொண்டாள்’. நாக்குக்கு ‘ஒட்டிக்கொள்வதாக’. கேயாசியின் நோய்க்கு ‘பிடித்திருக்கும்’. மூலத்தில் ஒரே வினை, தமிழில் நான்கு. ரூத் நகோமியோடு ‘ஒட்டிக்கொண்டாள்’ என்று எழுதியிருந்தால், வேண்டாத விருந்தாளி மாதிரி ஆகியிருக்கும். நோய் ‘இசைந்திருக்கும்’ என்றால் அபத்தம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் இந்த நான்கு வசனங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற 350-ஆம் குறளை ஜி.யு. போப் ஆங்கிலமாக்கியபோது ‘க்ளிங்’ என்ற வினையைத் திரும்பத் திரும்பப் போட்டார். க்ளீவ் அங்கே வந்திருந்தால், பற்றச் சொல்கிறதா பிளக்கச் சொல்கிறதா என்று ஆங்கில வாசகர் ஒரு கணம் நின்றிருப்பார். பற்று என்ற சொல்லை மூச்சுவிடாமல் அடுக்கிப்போகும் குறளுக்கு அந்தத் தடுமாற்றம் ஆகாது.

டிக்கின்சன் வரியைப் போல இரண்டு பொருளும் கலந்த இடத்தில் ஒரே தமிழ்ச்சொல்லால் இரண்டையும் பிடிக்க முடியாது. மேலே வரும் பொருளை வினையில் வையுங்கள். நிழலை அடுத்த வரியின் சொல்தேர்வில் கொண்டுவாருங்கள். ‘பிளவு’ என்று எழுதிவிட்டு, அடுத்து ‘சேர்த்து’ என்பதற்குப் பதில் ‘பற்றவைத்து’ என்று போட்டால் ஓரளவு ஈடுகட்டலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நீங்கள் இதைப் பயன்படுத்தலாமா?

அறிவியல் எழுத்தில் தாராளமாக. அங்கே பிளத்தல் பொருள் மட்டுமே உண்டு, இறந்தகாலம் ‘க்ளீவ்ட்’. கதை, கட்டுரைகளில் ஒட்டுதல் பொருளில் எழுதினால் ‘டு’வை மறக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் வாக்கியம் நேர் எதிராகப் புரண்டுவிடும். கொள்கையை, மரபை, நம்பிக்கையை உறுதியாகப் பற்றியிருப்பவரைச் சொல்ல இது நல்ல சொல். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைச் சொல்ல இது வேண்டாம், அதற்கு ‘ஸ்டிக்’ போதும். ‘க்ளேவ்’, ‘க்ளோவ்’ இரண்டையும் படிக்கும்போது அறிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம். வேலை விண்ணப்பத்திலோ அலுவலக மின்னஞ்சலிலோ இந்த வினை எந்த வடிவத்திலும் தேவைப்படாது.